சங்கிலியை நிறுத்திய பிட்

வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பிறகு

கையுறைத் தொழிற்சாலையில் சங்கிலி நின்றுவிட்டால் அதை முதலில் மூக்குதான் சொல்லும். அடுப்புக்குள் மாட்டிக்கொண்ட ரப்பர் கருகத் தொடங்கும். அந்த நாற்றம் சட்டையில் ஏறினால் இரண்டு முறை துவைத்தாலும் போகாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், கிள்ளானில் மேரு பக்கம் இருந்த ஒரு கையுறைத் தொழிற்சாலையில் அந்த நாற்றத்தின் நடுவில் நின்றிருந்தேன். அங்கே ஒரு நீண்ட சங்கிலியில் பீங்கான் கைகள் வரிசையாகத் தொங்கும். அவை ரப்பர் பால் தொட்டியில் முங்கி எழுந்து, அடுப்புக்குள் போய் வெந்து, மறுபக்கம் கையுறையாக வெளியே வரும். சங்கிலி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் அடுப்பில் இருப்பது கருகும், தொட்டியில் இருப்பது தடித்துப்போகும். பிறகு பெண்கள் வரிசையாக நின்று, சூடு ஆறாத பீங்கானிலிருந்து கருகிய ரப்பரைச் சுரண்டி எடுக்க வேண்டும். அன்றும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் விரலை உதறி ஊதிக்கொண்டார்.

தொழிற்சாலை முதலாளி மிஸ்டர் கோ கிள்ளானிலேயே பிறந்து, தோட்டங்களோடு வியாபாரம் செய்து வளர்ந்தவர். தமிழ் நன்றாகவே பேசுவார். கோபம் வந்தால் நடுவில் மலாய் வரும்.

"மிஸ்டர் சிவா, நிக்காது நிக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப மாச்சாம் மானா? எப்படி இது? இதோட எத்தன தடவ?"

சங்கிலியை ஓட்டும் கண்ட்ரோலர் எங்களுடையது. அதன் புரோகிராம் என்னுடையது. அதன் சர்க்யூட் போர்டு எங்கள் கம்பெனி எஞ்சினியர் சரஸ்வதியுடையது. அவர் என் பக்கத்திலேயே பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"போர்டுல நோய்ஸ் ஏறுது பாஸ். ஹார்ட்வேர் பிரச்சினை" என்றேன்.

சுரண்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார். அவர் பெயர் பாக்கியம். அந்த லைனில் மூத்தவர். சரஸ்வதியின் சொந்தச் சித்தி.

"ஏண்டி சரசு, ஓன் போர்டா இப்பிடிப் பண்ணுது?"

சரஸ்வதி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். ஸ்க்ரூவை மாட்டிப் பெட்டியை மூடினார்.

நான் அன்று சொன்ன அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. எங்கள் கம்பெனிக்கு அந்த வருடம் கிடைத்த பெரிய வெற்றியின் கதையும் இதுதான். இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

எட்டு சுவிட்சு

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். எலெக்ட்ரிகல் எஞ்சினியரிங் படித்துவிட்டு, சுங்கை வேயில் கண்ட்ரோலர் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். இந்தச் சம்பவம் நடந்தபோது சாப்ட்வேர் பிரிவுக்கு நான்தான் தலைவன். பெரிய பிரிவு என்று நினைக்க வேண்டாம். ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் அளவுதான் ஆள்.

இன்று இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு கர்னல் ரெடிமேடாகக் கிடைக்கிறது. ஒரு பிளாக்கை ரீசெட் செய்ய வேண்டுமென்றால் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால் போதும். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. எங்கள் காலத்தில் கர்னலை நாங்களே எழுதினோம். எந்த வேலை முதலில், எது அடுத்து, எது எதை இடைமறிக்கலாம் என்று தீர்மானிக்கும் அந்தச் சின்னப் புரோகிராமை அசெம்ப்ளி மொழியில் எழுதி, ஈப்ராம் என்ற நினைவகச் சிப்பில் ஏற்றி, போர்டில் செருகுவோம்.

எங்கள் புராசசருக்குள் வேலைக்கு ஒன்றாகப் பல பிளாக்குகள் இருந்தன. இந்தக் கதைக்கு இரண்டு போதும். டைமர் பிளாக், மோட்டாருக்குப் பல்ஸ் அடித்துச் சங்கிலியை ஓட்டும். சீரியல் பிளாக், கண்ட்ரோல் ரூமோடு பேசும். அடுப்பின் பர்னர் பற்றும்போது ஒரு பொறி அடிக்கும். அந்தப் பொறியில் சீரியல் பிளாக் அவ்வப்போது உறைந்துவிடும். பழைய கண்ட்ரோலர்களில் அப்படி உறைந்தால் புராசசரையே மொத்தமாக ரீசெட் செய்துவிடுவார்கள். அது எழுந்து வருவதற்குள் சங்கிலி நின்றுவிடும், சரக்கு கருகிவிடும். கிள்ளானில் எல்லாக் கையுறைக்காரர்களுக்கும் இருந்த தலைவலி அது.

மொத்தமாக ஏன் ரீசெட் செய்ய வேண்டும் என்று யோசித்தேன். புராசசருக்குள் ரீசெட் ரிஜிஸ்டர் ஒன்று இருந்தது. எட்டு பிட், அதாவது எட்டு சுவிட்சு. ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒன்று. ஒரு பிட்டில் ஒன்று என்று எழுதினால் அந்த பிளாக் ரீசெட்டில் கிடக்கும். பூஜ்யம் எழுதினால் விடுதலையாகிப் புதிதாக வேலை தொடங்கும். உறைந்துபோன சீரியல் பிளாக்கை மட்டும் ரீசெட் செய்துவிட்டால் டைமர் தன் பாட்டுக்கு ஓடும், சங்கிலியும் நிற்காது.

கர்னலில் அதை எழுதினேன். சுங்கை வே லேபில் போர்டின் பக்கத்திலேயே பொறியை அடித்துக் காட்டினேன். சீரியல் பிளாக் செத்தது, எழுந்தது, மோட்டார் இம்மியும் தயங்கவில்லை. மேனேஜர் வள்ளியப்பன் என் முதுகில் தட்டினார். "இத வச்சே கிள்ளானப் புடிச்சிரலாம்லா!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் புரோகிராம் தப்பே செய்யாது என்ற நினைப்பு அன்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

சரஸ்வதி கேட்ட கேள்வி

மிஸ்டர் கோவின் தொழிற்சாலையில் ஒரு லைனில் மட்டும் எங்கள் கண்ட்ரோலரைப் போட்டோம். அது நன்றாக ஓடினால் மற்ற எல்லா லைன்களுக்கும் ஆர்டர் எங்களுக்கு என்று பேச்சு.

நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு நாள் நின்றது. சில நாள் கழித்து மறுபடி நின்றது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி. புராசசர் உயிரோடு இருக்கும். திரையில் வேகம் சரியாகவே காட்டும். திரை காட்டியது நினைவகத்தில் இருந்த எண்ணை. உண்மையில் டைமர் பிளாக்கிலிருந்து ஒரு பல்ஸும் வராது, சங்கிலி அசையாமல் நிற்கும். ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடும்.

பொறியால் வரும் நோய்ஸ், அதாவது மின் இரைச்சல்தான் காரணம், போர்டு அதைத் தடுக்கவில்லை என்றேன். சரஸ்வதி அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளும் ஆள் இல்லை. மெல்லிய குரல், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவார்.

"சிவாண்ணே, நோய்ஸ்னா ஒரு நாள் சீரியல், ஒரு நாள் ஏ.டி.சி. பிளாக்குன்னு மாறி மாறித்தான அடிக்கணும்? எப்பப் பாத்தாலும் டைமர் மட்டும் எப்படி சாவும்?"

"டைமரோட பின்னு மோட்டார் வயருக்குப் பக்கத்துல இருக்குல்ல. அதான்."

"பக்கத்துல இல்லண்ணே. அந்தப் பக்கம் நான் கிரவுண்ட் விட்ருக்கேன்."

"பத்தல போல."

இந்தப் பதிலைச் சொல்வதற்கு முன் நான் எதையும் அளந்து பார்க்கவில்லை. மின் அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பைக்கூட எடுக்கவில்லை. அவர் கேட்டது நல்ல கேள்வி என்று அப்போதே மனதில் பட்டது. பட்டதை ஓரமாக ஒதுக்கிவைத்தேன்.

அவர் என் பேச்சைக் கேட்டு நோய்ஸை வடிகட்ட ஃபில்டர் போட்டார். வெளி மின்சாரத்தைப் பிரித்து வைக்க ஐசொலேட்டர் போட்டார். போர்டையே ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடைத்தார். ஐசொலேட்டர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய சாமான், அதற்காகக் காத்திருந்தோம். எல்லாம் போட்ட பிறகும் சங்கிலி நின்றது. முதலில் சொன்ன அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வள்ளியப்பன் அவரை டிசைன் வேலையிலிருந்து எடுத்து, வந்திறங்கும் சாமான்களைச் சோதிக்கும் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். எஞ்சினியரிங் படித்தவர் அங்கே கப்பாசிட்டர்களைப் பொறுக்கி எடுத்து மீட்டரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைவிட மோசமானது கிள்ளானில் நடந்தது. அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்த பாதிப் பேர் அவருடைய தாமான்காரர்கள், ஒரே குடியிருப்பு. கை சுட்ட பெண்கள் தொழிற்சாலை வேனில் வீடு திரும்பும்போது "பாக்கியம் அக்கா மக செஞ்ச போர்டு" என்று பேசிக்கொண்டே வருவார்களாம். தன் மகள் இல்லை என்று திருத்தக்கூடப் பாக்கியம் அக்காவுக்கு வாய் வரவில்லையாம். கோயிலில், பாசாரில், எங்கு போனாலும் அதே பேச்சு. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது என்று எழுத ஆசைதான். அப்போதே தெரியும். எங்கள் டிரைவர் சொன்னார். கேட்டுக்கொண்டு என் அறைக்குப் போய்விட்டேன்.

பட்டனில் விரல்

சரஸ்வதி போன பிறகும் சங்கிலி நின்றது. மிஸ்டர் கோ கடைசி எச்சரிக்கை கொடுத்தார். இன்னொரு முறை நின்றால் எங்கள் பெட்டியைக் கழற்றி வாசலில் வைத்துவிடுவார். இனிமேல் குற்றம் சொல்ல எனக்கு ஆள் இல்லை. கிள்ளானுக்குப் போய் லைன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் மலாய்க்காரத் தொழிலாளர்கள் போய்விடுவார்கள். ஆள் குறைவதால் சங்கிலியை முழுக்க நிறுத்தாமல் வேகத்தைக் குறைத்து ஓட்டுவார்கள். அவர்கள் திரும்பி வந்ததும் வேகத்தை ஏற்றுவார்கள். அதற்கு ஒரு பட்டன். ஒரு முறை அமுக்கினால் வேகம் ஒரு படி ஏறும். நான் லேபில் ஒரு முறை அமுக்குவேன், நிறுத்துவேன், திரையைப் பார்ப்பேன், பிறகு அடுத்த முறை அமுக்குவேன். பாக்கியம் அக்கா அப்படிச் செய்யவில்லை. டொக் டொக் டொக் டொக் என்று விரலை எடுக்காமல் குத்தினார்.

"ஏங்க்கா இப்படி வேகமா அமுக்கறீங்க?" என்று கேட்டேன்.

"பின்ன? ஒண்ணொண்ணா அமுக்கிட்டு நின்னா பொழுது விடிஞ்சிரும் தம்பி. வேலை வாங்கற மண்டோர் கத்துவாரு."

வேகம் ஏறியதும் குளிர்ந்த பீங்கான் கைகள் கூட்டமாக அடுப்புக்குள் நுழைந்தன. அடுப்பின் சூடு இறங்கியது. பர்னர் டப் என்று பற்றியது. அக்காவின் விரல் இன்னும் பட்டனிலேயே இருந்தது.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். அன்று சங்கிலி நிற்கவில்லை. ஆனால் அது எப்படி நிற்கும் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். வேகத்தை மாற்ற, என் கர்னல் டைமர் பிளாக்கையும் ரீசெட்டில் போடும். அதன் பிட்டில் ஒன்று எழுதி, ஒரு கணம் பிடித்து வைத்து, புது வேகத்தை ஏற்றி, பூஜ்யம் எழுதி விடுவிக்கும். ஒரு கணம்தான், மோட்டாருக்கு அது தெரியாது. அக்கா பட்டனைக் குத்தும் ஒவ்வொரு முறையும் இது நடக்கும். அதே நேரத்தில் பர்னர் பொறியில் சீரியல் பிளாக் உறைந்தால், அதை ரீசெட் செய்யும் பகுதி ஓடத் தொடங்கும். இரண்டு பகுதிகளும் கை வைப்பது ஒரே ரிஜிஸ்டரில்.

அந்த ரிஜிஸ்டரில் ஒரு சுவிட்சை மட்டும் தனியாகத் தட்ட முடியாது. எட்டையும் படித்து, ஒன்றை மாற்றி, எட்டையும் திரும்ப எழுத வேண்டும். சீரியல் பகுதி எட்டையும் படிக்கிறது. அந்தக் கணத்தில் டைமரின் பிட் ஒன்றில் இருக்கிறது. எழுதுவதற்கு முன் டைமர் பகுதி இடைமறித்து, தன் பிட்டைப் பூஜ்யமாக்கி டைமரை விடுவித்துவிட்டுப் போகிறது. சீரியல் பகுதிக்கு அது தெரியாது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, தான் முன்பு படித்த பழைய எட்டையும் திரும்ப எழுதுகிறது. டைமர் மறுபடி ரீசெட்டில் விழுகிறது. அதை விடுவிக்க இனி யாரும் வரமாட்டார்கள். சங்கிலி நிற்கிறது.

நோய்ஸ் டைமரைத் தொடவே இல்லை. டைமரைக் கொன்றது என் கர்னல். சரஸ்வதி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

சில வரி, ஒரு பொய்

திருத்தம் சிரிக்கத்தக்க அளவுக்குச் சின்னது. ரிஜிஸ்டரைத் தொடும் முன் இன்டர்ரப்டை, அதாவது இடைமறிக்கும் வழியை, மூட வேண்டும். படித்து, மாற்றி, எழுதி, பிறகு திறக்க வேண்டும். அந்த இடைவெளியில் வேறு யாரும் உள்ளே வர முடியாது. ரிஜிஸ்டரைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும் அந்த வரிகளைச் சேர்த்தேன். லேபில் பட்டனை விடாமல் குத்தியபடி பொறியை அடித்தேன். பழைய ஈப்ராமில் பொழுது சாய்வதற்குள் மோட்டார் நின்றது. புதியதில் நிற்கவே இல்லை.

வள்ளியப்பனிடம் போனேன். போகும் வழியெல்லாம் உண்மையைச் சொல்லத்தான் நினைத்தேன். அவர் அறைக் கதவைத் திறந்ததும் என் வாயிலிருந்து வந்தது இது:

"நோய்ஸச் சமாளிக்க சாப்ட்வேர்லயே ஒரு ஃபில்டர் போட்ருக்கேன்."

மிஸ்டர் கோவின் முன்னால் புது ஈப்ராமைச் செருகி ஓட்டிக் காட்டினோம். அவரே பட்டனைக் குத்தினார். பர்னர் பற்றப் பற்றச் சங்கிலி ஆற்றுநீர்போல ஓடியது. சில வாரம் ஓடவிட்டுப் பார்த்தார். நிற்கவில்லை. மற்ற லைன்களுக்கும் ஆர்டரைக் கொடுத்துவிட்டார். அன்று மதியம் கிள்ளான் கடைத்தெருவில் வாழை இலைச் சாப்பாடு. வள்ளியப்பன் மிஸ்டர் கோவிடம் சொன்னார்:

"போர்டு சரியில்லாட்டியும் நம்ம சிவா காப்பாத்திட்டாரு, பாத்தீங்களா?"

நான் நண்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தேன். தலையைக்கூட அசைக்கவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது என்பதும் நினைவிருக்கிறது. அதுதான் எனக்கு இன்றும் வெட்கம்.

"இது ஃபில்டர் இல்ல"

திங்கட்கிழமை சரஸ்வதி என் மேசைக்கு வந்தார்.

"என்ன ஃபில்டர்ண்ணே போட்டீங்க? பாக்கலாமா?"

புரோகிராமை அச்சடித்த லிஸ்டிங் மேசையில்தான் கிடந்தது. மறைக்க நேரமில்லை. அவருக்கு அசெம்ப்ளி நன்றாகத் தெரியும். நின்றுகொண்டே புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. முன் பக்கத்துக்குப் போனார். திரும்பி வந்தார்.

"இது ஃபில்டர் இல்ல."

"இல்ல."

"என் போர்டுல ஒண்ணுமே இல்லல்ல?"

"இல்ல சரசு."

"எப்பலேர்ந்து தெரியும்?"

சொன்னேன். ஆர்டர் கிடைப்பதற்கு முன்பே தெரியும் என்று சொன்னேன். அவர் வராமல் இருந்திருந்தால் நானாகச் சொல்லியிருப்பேனா என்று பலரும் பிறகு கேட்டிருக்கிறார்கள். சொல்லியிருப்பேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

அவர் அழவில்லை, கத்தவில்லை. "வாங்க, பாஸ்கிட்டப் போவோம்" என்றார். இருவரும் வள்ளியப்பன் அறைக்குப் போனோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வள்ளியப்பன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சிவா, ஆர்டர் வந்தாச்சு. இப்பப் போயி தப்பு நம்ம சாப்ட்வேர்ன்னு சொன்னா, இன்னும் உள்ள என்னென்ன தப்பு இருக்கோன்னு கேப்பான்லா. வேணாம். சரசு, நீ நாளைக்கே டிசைனுக்கு வந்துரு. நைசா முடிச்சிருவோம்."

"என்னைய அனுப்பறப்ப நைசாவா அனுப்புனீங்க?" என்றார் சரஸ்வதி.

வள்ளியப்பன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"எனக்கு இங்க வந்து ஒக்காரணும்னு அவசரம் இல்ல பாஸ். எங்க சித்தி வேன்ல தலையக் குனிஞ்சிக்கிட்டுப் போறாங்க. சிவாண்ணே அங்க வந்து, அந்த லைன்ல, அத்தன பேர் முன்னாலயும் சொல்லணும். சொன்னா மட்டும் பத்தாது. என்னோட மொத போர்ட மாட்டணும். ஃபில்டர் இல்லாம, ஐசொலேட்டர் இல்லாம, இரும்புப் பெட்டி இல்லாம. அது ஓடணும். ஓடுனாத்தான் நம்புவாங்க."

"நின்னுச்சுன்னா? ஆர்டரே போயிரும் தாயீ!"

"நிக்காது."

வள்ளியப்பன் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார்.

"நிக்காது பாஸ்" என்றேன். "அதோட, மத்த லைனுக்கெல்லாம் ஐசொலேட்டர் எப்ப வரும்னே தெரியல. அது தேவையே இல்லன்னா சொன்ன தேதிக்குள்ள எல்லாப் பெட்டியும் குடுத்துரலாம்."

அவர் பேனாவை மேசையில் வைத்தார். பிறகு போனை எடுத்து மிஸ்டர் கோவைக் கூப்பிட்டார்.

மொட்டை போர்டு

ஷிப்டு மாறும் நேரத்தில் லைனைக் காலியாக்கி நிறுத்தினார்கள். போகிற ஷிப்டும் வருகிற ஷிப்டும் ஒன்றாக நின்றன. சரஸ்வதி இரும்புப் பெட்டியைக் கழற்றினார். தன் முதல் போர்டை, ஒரு மூடியும் இல்லாமல், மொட்டையாக மாட்டினார். என் புது ஈப்ராமைச் செருகினார். பிறகு ஒதுங்கி நின்று என்னைப் பார்த்தார்.

நான் ஒரு பலகை மேல் ஏறினேன். தமிழில் சொன்னேன், பிறகு மலாயிலும் சொன்னேன். ரிஜிஸ்டர், இன்டர்ரப்டு எல்லாம் சொல்லவில்லை.

"இத்தன நாளா சங்கிலி நின்னது சரஸ்வதி செஞ்ச போர்டால இல்ல. நான் எழுதுன புரோகிராம்ல தப்பு. அவங்க ஆரம்பத்துலேயே கேட்டாங்க. நான் காதுல வாங்கல. தப்பு தெரிஞ்ச பெறகும் உங்ககிட்ட மறைச்சேன். உங்க கையெல்லாம் சுட்டது என்னால. மன்னிச்சிருங்க."

பிறகு பின்னாலிருந்து ஒரு பெண்:

"எவ்ளோ பெரிய தப்பு அங்கிள்?"

"சில வரிதான்."

"அடப்பாவி! சில வரிக்கா நாங்க இத்தன நாள் சொரண்டுனோம்?"

சிரிப்பு வெடித்தது. நல்ல சிரிப்பு என்று சொல்ல முடியாது. கொஞ்சம் சூடான சிரிப்பு. எனக்கு அது வேண்டியதுதான்.

மிஸ்டர் கோ சிரிக்கவில்லை. "பேசினது போதும். இந்த மொட்ட போர்டு போலே ஜாலான் கா? ஓடுமா?" என்றார்.

"ஓட்டிப் பாருங்க பாஸ்" என்றார் சரஸ்வதி. தன் சித்தியிடம் திரும்பினார். "சித்தி, நீங்கதான் அமுக்கணும். எப்பவும் அமுக்கற மாதிரி அமுக்குங்க."

பாக்கியம் அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். பட்டனில் விரலை வைத்தார். டொக் டொக் டொக் டொக். சங்கிலி கிளம்பியது. பீங்கான் கைகள் பாலில் முங்கி எழுந்து அடுப்புக்குள் நுழைந்தன. சூடு இறங்கியது. டப். பர்னர் பற்றியது. கைகள் மறுபக்கம் வெளியே வந்தன. வெள்ளைக் கையுறைகள், ஒன்றில்கூடக் கருகிய மஞ்சள் இல்லை.

"இன்னும் அமுக்குங்க சித்தி."

அக்கா வேகத்தை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். டப், டப் என்று பர்னர் பற்றிக்கொண்டே இருந்தது. கண்ட்ரோல் ரூமில் சீரியல் லைன் அறுந்துபோவதும் மீள்வதும் திரையில் தெரிந்தது. சங்கிலி ஒருமுறைகூடத் தயங்கவில்லை. யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். மலாய்ப் பெண்கள் சரஸ்வதியின் தோளைப் பிடித்து ஆட்டினார்கள். வேலை முடிந்த ஷிப்டு வீட்டுக்குப் போகாமல் நின்று பார்த்தது. வேன் டிரைவர் உள்ளே வந்து ஏன் இன்னும் யாரும் ஏறவில்லை என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரும் நின்றுவிட்டார்.

மிஸ்டர் கோ அடுப்பின் வாயிலிலேயே நின்று கையுறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். கடைசியில் வள்ளியப்பனிடம் வந்தார்.

"எல்லா லைனுக்கும் இந்த மொட்ட போர்டே குடுங்க. ஒரு கண்டிஷன். மிஸ்டர் சிவா எழுதறத எல்லாம் இந்தப் பொண்ணு பாத்து ஓகே சொல்லணும். அவங்க ஓகே சொல்லாம ஒரு சிப்பும் என் கேட்டுக்குள்ள வரக்கூடாது."

வள்ளியப்பன் சிரித்துவிட்டார். நான் தலையாட்டினேன். சரஸ்வதி சிரிக்கவில்லை. என்னிடம் அதற்குப் பிறகும் பல மாதம் வேலை விஷயம் மட்டும்தான் பேசினார். அதில் எனக்குக் குறை இல்லை. அவர் கப்பாசிட்டர் பொறுக்கிய காலத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. கேட்டிருந்தாலும் மன்னிப்பு கிடைத்திருக்கும் என்று தோன்றவில்லை, அதனால் தனியாக நான் கேட்கவும் இல்லை. அது தைரியக் குறைவு என்று இப்போது நினைக்கிறேன்.

சொன்ன தேதிக்குள் எல்லா லைன்களிலும் எங்கள் கண்ட்ரோலர் ஓடியது. அதைப் பார்த்துக் கிள்ளானில் மற்றத் தொழிற்சாலைகளும் வந்து கேட்டன. வள்ளியப்பன் சொன்னது போலக் கிள்ளானைப் பிடித்தோம். பிடித்தது சரஸ்வதியின் போர்டு. பின்னாளில் டிசைன் பிரிவுக்கு அவரே தலைவரானார். என் புரோகிராமில் அவர் கண்டுபிடித்த தப்புகள் கொஞ்சமல்ல. ஒவ்வொன்றையும் வாடிக்கையாளர் கைக்குப் போகும் முன்பே கண்டுபிடித்தார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். பலரும் தொடும் ரிஜிஸ்டரைத் தொடுவதற்கு முன் கதவைச் சாத்துங்கள், வேலையை முடித்துவிட்டுத் திறங்கள். இன்றைய கர்னல் அதை உங்களுக்காகச் செய்துவிடுகிறது, ஆனால் செய்கிறதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள். இரண்டாவது, அடுத்தவர் வேலையில் தப்பு என்று வாய் திறப்பதற்கு முன், அவர் கேட்கிற கேள்விக்கு அளந்து பார்த்துப் பதில் சொல்லுங்கள். நான் அன்று ஒரு பிற்பகல் ஸ்கோப்பை வைத்துப் பார்த்திருந்தால் யாருடைய விரலும் சுட்டிருக்காது.

மொட்டை போர்டை ஓட்டிக் காட்டிய அன்று, தொழிற்சாலையிலிருந்து கிளம்பும்போது வேன் புறப்படத் தயாராக இருந்தது. பாக்கியம் அக்கா முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, மத்த லைனுக்கெல்லாம் மாட்டறப்பவும் நீங்களே வந்துருங்க."

"ஏங்க்கா?"

"நின்னுச்சுன்னா யாரத் திட்டணும்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சுல்ல."

வேன் முழுக்கச் சிரித்துக்கொண்டே கேட்டைத் தாண்டிப் போனது.